குறையே இல்லாத நீலப் பீப்பாய்

பிள்ளைகளே, ஒரு மனிதரைத் தலை நிறைய சோப்பு நுரையோடு, மஸ்கெலியாவின் காலைக் குளிரில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்க வைத்தவனை நீங்கள் என்ன செய்வீர்கள்?

திட்டுவீர்கள் இல்லையா? எங்கள் லயமே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனையும், திட்டியது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மண்ணை வாரித் தூற்றாததுதான் மிச்சம்.

அந்த ஆள் நான்தான். அதுவும் தெரியாமல் செய்யவில்லை. திட்டம் போட்டே செய்தேன்.

போன வாரம் என் ஆட்டோவின் பின் சீட்டில் கோழி அடைகாத்த கதையைப் படித்துவிட்டு, 'மாமா, நீங்கள் ரொம்ப நல்லவர்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை இதையும் படித்துவிட்டு முடிவுக்கு வரட்டும்.

கதை தண்ணீரில் தொடங்குகிறது. இல்லை... தண்ணீர் இல்லாததில் தொடங்குகிறது.

எங்கள் லயத்துக்கு மேலே, மலை உச்சியில் ஓர் ஊற்று. அங்கிருந்து இறங்கும் ஒரு பழைய இரும்புக் குழாய். எந்தக் காலத்தில் எந்த வெள்ளைக்காரத் துரை போட்டதோ! துருப்பிடித்து, அங்கங்கே வெடித்து, வெடித்த இடமெல்லாம் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் எப்படியோ வந்துவிடும். ஆனால் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, தண்ணீருக்குள் கிடக்கிற பழைய கோயில் தலைகாட்டுகிற மாதங்கள் இருக்கிறதே... அப்போது குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். சத்தம் மட்டும் பெரிதாக இருக்கும்.

அந்த மாதங்களில் எல்லோரும் கீழே பள்ளத்தில் இருக்கிற பீலிக்குப் போகவேண்டும். பாறை இடுக்கில் ஊறுகிற தண்ணீரை ஒரு தகரத்தில் பிடித்து விழச் செய்திருக்கிற இடம்தான் பீலி. வெறுங்குடத்தோடு இறங்கும்போது பாட்டு வரும். நிறைகுடத்தோடு ஏறும்போது மூச்சே வராது.

யார் ஏறுவது? பெண்கள்தான். விடிவதற்கு முன் தண்ணீர் தூக்கி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, பெரட்டுக்கு ஓடவேண்டும். கொழுந்து பறிக்கப் போகுமுன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கிற இடம் அது. பிந்திப் போனால் அங்கே நிற்கிற மேற்பார்வைக்காரர் கண்டாக்கு ஐயா அதிகம் பேசமாட்டார். "வீட்டுக்குப் போ" என்பார். அவ்வளவுதான், அன்றைய வேலை போச்சு.

நான் தண்ணீர் தூக்குவதில்லையா என்று கேட்பீர்கள். தூக்குவேன். ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டால், விடியுமுன்பே ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடவேண்டும். அப்புறம் என் மனைவி ராஜேஸும், ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் தர்ஷினியும்தான். தர்ஷினிக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் கணக்கு. சீசன் மாதங்களில் அவள் கணக்குப் பாடத்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பிந்தி வருகிற பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களை ஊர் ஊராக அனுப்பி வைக்கிற ஓர் அமைப்பில் அவருக்கு வேலை. லயத்து ஆட்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னார்.

"ஒரு தோட்டத்துக்கு ஒரு வேலைதான் செஞ்சு குடுக்க முடியும். அது என்ன வேலைன்னு நாங்க கொழும்புல இருந்து தீர்மானிக்கிறது சரியில்ல. டென்மார்க்ல இருந்து ஒருத்தர் வருவார். ஒரு மாசம் உங்களோடயே இருப்பார். இங்க எது ரொம்ப அவசியம்னு அவரே பார்த்து என்கிட்ட சொல்லட்டும்."

நல்ல யோசனைதான். எங்கள் சனத்தைப் பற்றித் தெரியாத யோசனை.

எல்லோருக்கும் சந்தோஷம். பைப் வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டோம். காய்கிற மாதத்தில் வரப்போகிறார், கண்ணால் பார்க்கப்போகிறார், அப்புறம் என்ன? லயத்துத் தலைவர் மாணிக்கம் அண்ணன், "நாம ஒண்ணும் வாயத் தொறக்கவே வேணாம். மனுசன் தானே பாத்துக்குவாரு" என்றார். வந்தவர் என் வீட்டில் தங்குவதென்று ஏற்பாடு. பின்பக்கம் தகரம் போட்டு ஓர் அறை இழுத்திருக்கிறேன். போதாததற்கு, நான் ஆங்கிலம் பேசுவேன் என்று ஊரில் ஒரு வதந்தி.

அவர் பெயர் ஹென்ரிக். அவருடைய ஊரில் பஸ் டிரைவர். லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில், முன்பின் தெரியாத நமக்கு உதவி செய்ய வந்த மனிதர். அதை மறந்துவிடக்கூடாது பிள்ளைகளே. எனக்கு வருகிற எரிச்சலெல்லாம் அவர் மேல் இல்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் அவரைக் கூட்டிப்போகப் போனேன். வேன் பேசலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். மக்கள் போகிற பஸ்ஸில்தான் போகவேண்டுமாம். சீசன் நேரத்தில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. மலை ஏறப்போகிற கூட்டம், தலையணை, போர்வை, சோற்றுப் பார்சல், கைக்குழந்தை எல்லாமாகச் சேர்ந்து எங்களை உள்ளே தள்ளியது. அவர் ஆறடிக்கும் மேல். கூரை இடித்ததால் கழுத்தை மடித்துக்கொண்டு, ஒரு கேள்விக்குறி மாதிரியே வந்தார். அவருடைய பெரிய பையின் மேல் ஓர் அம்மா வசதியாக உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் நான் "ஸாரி" என்றேன். அவரோ டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு, "என்ன ஓட்டு! என்ன ஓட்டு!" என்று வியந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளம் இருந்ததை அவர் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

மஸ்கெலியாவில் இறங்கி என் ஆட்டோவில் ஏற்றினேன். தோட்டத்து ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும்.

லயத்து வாசலில் தப்பு அடிக்கிறார்கள். மாலை. பன்னீர். பொட்டு. ஆலாத்தித் தட்டோடு பெண்கள். வெள்ளைத்தோலைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்குப் பழைய பழக்கம் திரும்பிவிட்டது.

"தொர வந்துட்டாரு! வழிய விடுங்கடா!"

"அண்ணே, அவரு தொர இல்ல. பஸ் ஓட்டுற மனுசன்" என்றேன் தலைவர் அண்ணனிடம்.

"பஸ்ஸு பெருசுதானே தம்பி?" என்றார்.

நான் ஆட்டோவிலிருந்து பையை இறக்கப் போனேன்.

வரிசையாக இருக்கிற கக்கூஸ்களில் கதவு இருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். மற்றதற்கெல்லாம் சாக்குத் திரை. கதவுள்ளதற்குப் புதிதாக ஒரு பூட்டுப் போட்டு, சாவியை மாலையோடு மாலையாக அவர் கழுத்தில் தொங்கவிட்டார்கள். ஊர் முழுவதும் சாக்குத் திரைக்கு மாறிக்கொண்டது. அவர் பாவம், மற்றவை பாழடைந்து கிடக்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் ஹென்ரிக் நேராக விஷயத்துக்கு வந்தார். "இங்கே என்னென்ன கஷ்டங்கள் இருக்கின்றன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

தலைவர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "ஒரு கொறையும் இல்லைங்கன்னு சொல்லு தம்பி."

"அண்ணே, பைப்பு?"

"வந்து எறங்குன மனுசன்கிட்ட, மாலை வாடுறதுக்கு முந்தி, எங்களுக்கு அது இல்ல இது இல்லன்னு சொல்லுவியா? ஒங்கப்பன் அப்புடியா வளத்தாரு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் ஹென்ரிக்கைப் பார்த்தேன். "நோ ப்ராப்ளம்" என்றேன்.

சரி, நாளைக்கு அவரே பார்க்கத்தானே போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் உண்டு. மறுநாள் விடிந்ததும் ஹென்ரிக் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போனார். நாங்கள் வெந்நீர் போடுகிறோம் என்றோம். வேண்டாமாம். அவருடைய நாட்டில் பனிக்காலத்திலும் கடலுக்குள் குதித்து எழுவார்களாம். பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும் "ஹா!" என்று ஒரு சத்தம். எதிர் லயத்துப் பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து நடுங்கினார்கள். சாயங்காலம் மறுபடியும் அதே "ஹா!" ஒரு நாளைக்கு இரண்டு குளியல்! எங்கள் வீட்டில் காய்கிற மாதத்தில் குளிப்பதென்றால் கோயில் திருவிழா வரவேண்டும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இப்படிக் குளித்தால் பீப்பாய் நாளைக்கே காலி. நாளைக்கே பார்த்துவிடுவார்.

மறுநாள் பார்த்தால் பீப்பாய் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"யாரு நெறப்புனது?" என்றேன் ராஜேஸிடம்.

"நானும் தர்ஷினியுந்தான்."

"ஏன்டி?"

"ஏனாவா? விருந்தாளி எந்திரிச்சு வந்து வெறும் பீப்பாய்க்குள்ள எட்டிப் பாக்கவா?"

அடுத்த நாள் பாக்கியம் அக்கா ஊற்றினார். அதற்கடுத்த நாள் மேல் காம்பிரா வீட்டுக்காரர்கள். பிறகு பார்த்தால் முறையே போட்டுவிட்டார்கள்! கோயிலுக்குப் பூக்கட்ட முறை போடுவது மாதிரி, தொரைக்குத் தண்ணீர் ஊற்ற இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு. அவர் கண் விழிப்பதற்குள் ஊற்றிவிட்டு, சத்தம் கேட்காமல் குடத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போய்விடுவார்கள். திருடுவதற்குக்கூட யாரும் இவ்வளவு பக்குவமாக வந்துபோனதில்லை.

தண்ணீர் இல்லாத கஷ்டத்தைப் பார்க்க வந்த மனிதருக்கு, ஊரே கூடித் தண்ணீரை ஒளித்து ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றுகிறது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது, "ஹென்ரிக், வாட்டர்..." என்று ஆரம்பித்தேன். ராஜேஸ் கண்ணை உருட்டிக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். "போதும்" என்றார் அவர். அவர் தமிழில் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான். பாவம், எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. இன்னொரு ரொட்டியும் விழுந்தது. அவர் ரொட்டியோடு போராடி முடிப்பதற்குள் என் ஆங்கிலம் ஆறிப்போய்விட்டது.

ஒரு வாரம் போனது. ராஜேஸ் ஒரு நாள் நேரத்தோடு திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். பெரட்டுக்குப் பிந்திவிட்டாள், கண்டாக்கு ஐயா அனுப்பிவிட்டார். அழுவாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தாள். குடத்தை எடுத்தாள்.

"எங்க போற?"

"எப்புடியும் நேரம் கெடச்சிருச்சு. சாயங்காலக் குளியலுக்கு ஊத்தி வச்சிருவோம்."

அன்றைக்குத்தான் ஹென்ரிக்கை டவுனுக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோவில் போகும்போது உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை மேடம் வருகிறாராம். என்ன வேலை என்று முடிவு செய்துவிட்டாராம். முன்பள்ளிச் சுவர் முழுவதும் படம் வரையப்போகிறார்கள்: யானை, மயில், மீன்.

"மீனா?" என்றேன்.

"மற்ற தோட்டங்களில் தண்ணீருக்குக் கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நானே பார்க்கிறேனே! எவ்வளவு குளித்தாலும் பீப்பாய் குறைவதே இல்லை. என் அம்மாவிடம்கூட போனில் சொன்னேன்."

எதிரே வந்த கொழுந்து லொறியை நான் கவனிக்கவில்லை. அவர்தான் கத்தினார். ஒரு பஸ் டிரைவர் பின்னால் இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம்.

மறுநாள் காலையில் டவுனுக்குப் போகவில்லை. நேராகப் பீலிக்குப் போனேன். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

"ஒங்களுக்கெல்லாம் பைத்தியமா? நம்ம கஷ்டத்தப் பாக்கணும்னுதானே அந்தாளு வந்திருக்காரு? நீங்க நெறப்பி நெறப்பி வச்சா எப்புடிப் பாப்பாரு? வெள்ளிக்கெழம மேடம்கிட்ட செவுத்துல மீன் வரையணும்னு சொல்லப் போறாரு!"

"மீனு நல்லாத்தான் இருக்கும்" என்றது ஒரு குரல்.

பாக்கியம் அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினார். "ஏந்தம்பி, கடல் தாண்டி வந்த மனுசன வெறும் வாளியோட நிக்க விடச் சொல்றியா? நம்ம லயத்துக்கு என்னா பேரு வரும்?"

"பேரு வராட்டிப் பரவால்ல, தண்ணி வரணும்க்கா!"

"ஒனக்கு ஆட்டோ ஓட்டி ஓட்டி மூளையும் குலுங்கிப் போச்சு."

ராஜேஸ் மெதுவாகச் சொன்னாள்: "அவரு ஊருக்குப் போன பெறகு சொல்லிக்கலாம்ங்க."

"போன பெறகு யாருக்கிட்ட சொல்லுவ? மலைக்கிட்டயா?"

தலைவர் அண்ணனிடம் போனேன். மேடம் வரும்போது தானே பேசிவிடுவதாகச் சொன்னார். போன முறையும் அவர்தான் பேசினார். முழுக்க முழுக்க வரவேற்புரை.

சரி, இனி யாரிடமும் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை. "நீ படு. இன்னைக்கி நான் ஊத்துறேன்" என்றேன் ராஜேஸிடம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் தூக்கத்துக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. படுத்துவிட்டாள். நான் பீப்பாயைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். குடித்தேனா? கிளாஸில் வைத்தது வைத்தபடியே ஆறியது. விருந்தாளிக்குத் தண்ணீர் வைக்காமல் விடுவது எங்களுக்கும் லேசுப்பட்ட காரியம் இல்லை பிள்ளைகளே. நான் மட்டும் வேறு மண்ணில் முளைத்தவனா?

பின்னால் முதல் "ஹா!" கேட்டது. சோப்புப் போடுகிற சத்தம். பிறகு வாளி பீப்பாயின் அடியில் 'கடக்' என்று இடித்தது.

மறுபடியும் 'கடக்'.

"சிவா?" என்று கூப்பிட்டார். "சிவா... வாட்டர்?"

வெளியே வந்தேன். தலையில் நுரை, முகத்தில் நுரை, ஒரு கண் மூடியிருந்தது. குளிரில் ஆவி பறந்தது. "வாட்டர் நோ" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று யோசித்து வைத்த வாக்கியமெல்லாம் மறந்துவிட்டது.

அதற்குள் பக்கத்து வீட்டுப் படியிலிருந்து ஒரு அலறல். பாக்கியம் அக்கா.

"அய்யய்யோ! தொர சோப்போட நிக்கிறாரு! ஏய் ராஜேசு! எவடி இன்னைக்கி மொற?"

அவ்வளவுதான். கதவுகள் திறந்தன. அவரவர் வீட்டில் சமைக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு, சட்டியோடு, கேத்தலோடு தூக்கிக்கொண்டு லயமே ஓடி வந்தது. ராஜேஸ் கூந்தலை முடியாமல் எழுந்து வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம். தர்ஷினி பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு தன் சின்ன வாளியைக் கொண்டுவந்தாள்.

ஹென்ரிக் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வரிசையாகக் குடங்கள். எல்லாம் அவருக்காக.

முதல் குடம் அவர் தலைக்கு வருவதற்குள் கையை நீட்டித் தடுத்தார். "எங்கிருந்து?" என்று தர்ஷினியிடம் கேட்டார்.

பாக்கியம் அக்காவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "இந்தா, பக்கத்துலதான்! இங்கனதான் இருக்கு!" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். சொல்லும்போதே மூச்சு வாங்கியது.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "டவுன், டவுன்" என்று, கீழே என்பதை ஆங்கிலத்தில் சொல்லி, அவள் பள்ளத்தைக் காட்டினாள். "எவ்ரி டே."

ஹென்ரிக் அக்கா கையிலிருந்த குடத்தை வாங்கித் தண்ணீரைப் பீப்பாயில் கவிழ்த்தார். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, வெறும் குடத்தோடு பள்ளத்தில் இறங்க ஆரம்பித்துவிட்டார். காய்ந்துபோன நுரையோடு!

பின்னாலேயே லயம் முழுவதும் இறங்கியது. "தொர, குடுங்க! தொர, வேணாங்க! ஏய், யாராச்சும் புடுங்குங்கடி!" அவர் காதில் வாங்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடித்தார். குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்த மெல்லிய விழுதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூக்கினார். இடுப்பில் வைக்கத் தெரியவில்லை. தோளில் வைத்தார், வழுக்கியது. கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் சறுக்கி உட்கார்ந்தார். வந்து சேர்ந்தபோது பாதித் தண்ணீர் அவருடைய சாரத்தில் இருந்தது.

மிச்சத்தைப் பீப்பாயில் ஊற்றினார். எட்டிப் பார்த்தார். ஒன்றும் ஏறின மாதிரியே தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த மனிதருக்குக் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேன். வந்த அன்றைக்கே கேட்டேன். உன் மகள் சுமந்த தண்ணீரில் நான் இரண்டு வேளை குளித்தேன்!"

அவர் கையிலிருந்த வெறும் குடத்தை வாங்கிக்கொண்டு நானும் பீலிக்கு இறங்கினேன்.

அன்று தர்ஷினி பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனாள். ராஜேஸ் பெரட்டுக்குப் போகவே இல்லை. பாக்கியம் அக்கா என்னை விடவில்லை. "சதிகாரா! ஒரு குளிக்கிற மனுசன..." என்று ஆரம்பித்தால் முடிவே இல்லை. ஹென்ரிக் அறையில் படுத்துக்கொண்டார். ஊருக்கே போய்விடுவாரோ என்று நினைத்தேன். சாயங்காலம் வெளியே வந்து, ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீரில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டார். 'ஹா' சத்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். ஹென்ரிக் யாரையும் பேச விடவில்லை. தலைவர் அண்ணன் வரவேற்புரைக்குத் தொண்டையைச் செருமுவதற்குள், "பைப்" என்றார். ஒரே சொல்.

வேலை தொடங்கியது. சாமான்கள் வந்தன. இனியாவது திருந்தினார்களா? கேளுங்கள். எங்கள் ஆட்கள் குழாய் பதிக்கக் கான் வெட்டுகிற இடத்தில் ஹென்ரிக்குக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ஒருவர் குடை பிடித்தார். தேத்தண்ணி, பிஸ்கட். அவர் மண்வெட்டியை எடுப்பார், யாராவது வாங்கிக்கொள்வார்கள். கல் பெயர்க்கிற அலவாங்கைத் தொடுவார், "தொர, கை நோவும்ங்க" என்று பிடுங்குவார்கள். உழைக்க வந்த மனிதரை நாற்காலியில் சிறை வைத்துவிட்டார்கள்!

கடைசியில் எழுந்து நின்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள்.

"போதும்!"

மலை அதிர்ந்தது. அந்தச் சொல்லுக்கு முதல் தடவையாக மதிப்பு வந்தது. குடை மடங்கியது. அதற்குப் பிறகு அவர் வெட்டினார், கை கொப்பளித்தது, அட்டை கடித்தது, சிரித்தார். மறுநாளிலிருந்து அவரை யாரும் தொர என்று கூப்பிடவில்லை. "எண்ட்ரிக்கு, அந்தப் பைப்பு முனையப் புடி!" என்று அதட்டினார்கள். பாக்கியம் அக்காதான் முதலில் அதட்டியது.

குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்கு மேடமும் வந்திருந்தார். முதலில் ஒரு இருமல் சத்தம், பிறகு செம்மண் தண்ணீர், பிறகு கண்ணாடி மாதிரி. பிள்ளைகள் சட்டையோடு நனைந்தார்கள். ராஜேஸ் முதல் வாளியைப் பிடித்தாள். எங்கே கொண்டுபோனாள் என்று நினைக்கிறீர்கள்? நேராக நீலப் பீப்பாய்க்குத்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஹென்ரிக் குறுக்கே ஓடி அந்த வாளியை வாங்கி, அவள் காலில் மெதுவாக ஊற்றினார். ராஜேஸ் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு தர்ஷினி ஒரு நாளும் கணக்குப் பாடத்தைத் தவறவிடவில்லை. அதில் அவளுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்தான்.

பிள்ளைகளே, ஒன்றே ஒன்று சொல்கிறேன். விருந்தாளிக்கு நல்லதைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உதவி செய்ய வந்தவர் 'என்ன குறை?' என்று கேட்டால், வாயைத் திறந்து சொல்லுங்கள். அது அவமானம் இல்லை. அவரை ஏமாற்றி அனுப்புவதுதான் அவமானம். நம் வீட்டுப் பெண்களின் இடுப்பை ஒடித்து 'நல்ல லயம்' என்ற பேரை வாங்க வேண்டியதில்லை.

இதை எங்கள் லயமும் கற்றுக்கொண்டிருக்கும் என்றுதான் நானும் நம்பினேன்.

புறப்படுவதற்கு முன் மேடம் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "அடுத்த முறை வேற ஆள் வருவாங்க. வேற ஏதாவது குறை இருக்கா?"

அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் கக்கூஸ் வரிசை. சாக்குத் திரைகள் காற்றில் ஆடுகின்றன.

தலைவர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். லயமே ஒரே குரலில் சொன்னது.

"ஒரு கொறையும் இல்லைங்க மேடம்!"

ஹென்ரிக் கழுத்திலிருந்த சாவியைத் தடவிப் பார்த்தார். சாக்குகளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ விளங்கியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"கக்கூஸுக்குக் கதவு இல்லைங்க மேடம்" என்றேன், உரக்க.

மாணிக்கம் அண்ணன் அன்றையிலிருந்து என்னோடு பேசுவதில்லை... கதவு வரட்டும், பேசுவார்.